முதல் தட்டு சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பூனை மீன் தலையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பின்பக்கத்து இரும்புப் படியில் நின்று சித்தீக் அதைப் பார்த்தான். ஏழு மாதமாக அந்தப் பூனை அவன் போட்டதில் ஒரு செதிலைக்கூட மிச்சம் வைத்ததில்லை. அன்றைக்கு இரண்டடி நடந்தது, நின்றது, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்துப் பிரியாணிக் கடையில் ஏதாவது கிடைத்திருக்கும், வயிறு நிறைந்திருக்கும் என்று சித்தீக் நினைத்துக்கொண்டான். தனக்குத் தோதாக நினைத்துக்கொள்ள மனிதனுக்கு நேரமா ஆகிறது?

சங்கரன்கோவிலில் பெரு நாட்டுச் சாப்பாட்டுக் கடை என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ராஜபாளையம் ரோட்டில், சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில், 'லிமா கிச்சன்' என்று மஞ்சள் போர்டு தொங்கியது. வார நாட்களில் கூட்டம் அவ்வளவாக இருக்காது. ஞாயிறு மதியம் பஃபே. வேண்டிய மட்டும் எடுத்துத் தின்னலாம் என்று சொல்லிவிட்டால், அது எந்த நாட்டுச் சாப்பாடு என்று நம் ஊரில் யாரும் துருவிக் கேட்பதில்லை.

கடையநல்லூர், புளியங்குடிப் பக்கமிருந்து வளைகுடா போகிறவர்கள் அரபிச் சோறு ஆக்கக் கற்றுக்கொண்டு வருவார்கள். சித்தீக் துபாயில் பாத்திரம் கழுவச் சேர்ந்த இடம் ஒரு பெரு நாட்டு ஓட்டல். கழுவியவன் வெங்காயம் நறுக்கினான், நறுக்கியவன் அடுப்புக்கு வந்தான், பதினாலு வருசத்தில், அந்த நாட்டுத் தலைநகர் லிமாவிலிருந்து வந்த பெரிய சமையல்காரருக்கு அடுத்த இடத்தில் நின்றான். அவர் கற்றுக்கொடுத்ததை எல்லாம் நம் ஊர் நாக்குக்குத் தக்கபடி கொஞ்சம் வளைத்து இங்கே கொண்டுவந்தான். மசித்த உருளைக்கிழங்கில் எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து, நடுவில் கோழி வைத்து அடுக்கிய காவ்ஸாவுக்கு ஊர் வைத்த பெயர் மஞ்சள் கேக். கோழியை நார் நாராகப் பிய்த்து ரொட்டியும் பாலும் மிளகாயும் அரைத்து ஊற்றிய குழம்பு இங்கே பால்கோழி. ஆட்டு ஈரலைக் கம்பியில் குத்திச் சுட்டதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அதற்குள் தீர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் ராஜா, எலுமிச்சைச் சாறில் ஊறிய பச்சை மீன். அடுப்பே இல்லை, எலுமிச்சைதான் நெருப்பு. முதலில் முகம் சுளித்தவர்கள்தான் பிறகு, "அந்த எலுமிச்சை மீன் உண்டா?" என்று போன் போட்டுக் கேட்டார்கள்.

இவ்வளவும் ஊருக்குத் தெரிந்தது. தெரியாதது ஒன்று உண்டு. சித்தீக்குக்கு வாசனை தெரியாது.

கொரோனாவில் படுத்து எழுந்தபோது மூக்கு போயிருந்தது. கூடப் படுத்தவர்களுக்கெல்லாம் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது, இவனுக்கு வரவே இல்லை. உப்பு, புளிப்பு, உறைப்பு நாக்குக்குத் தெரியும். மற்றபடி மல்லித்தழையும் அட்டைப்பெட்டியும் அவனுக்கு ஒன்றுதான். கடிகாரத்தையும் தராசையும் வைத்துக்கொண்டு இரண்டு வருசம் துபாயில் சமாளித்தான். ஒருநாள் திரிந்த பாலைக் குழம்பில் ஊற்றிவிட்டான். லீவில் ஊருக்குப் போய் வா என்றார்கள், அப்புறம் கூப்பிடவில்லை. ஊரோடு இருக்கலாம் என்று வந்துவிட்டதாக எல்லாரிடமும் சொன்னான்.

அவன் மனைவி ஜரினாதான் இப்போது அவன் மூக்கு. தினமும் காலையில் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து மீன், கறி, பால், எண்ணெய் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பாள். தலையை ஆட்டினால் அடுப்புக்குப் போகும். உதட்டைப் பிதுக்கினால் குப்பைக்குப் போகும். அவள் வெங்காயம் உரிக்க வருவதாக வேலைக்காரர்களுக்குச் சொல்லி வைத்திருந்தான். அண்ணாச்சியிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவள் பலமுறை கேட்டாள். மூக்கில்லாதவன் ஆக்கியதை எவன் வாயில் வைப்பான் என்று அவன் மறுத்துவிட்டான். அவன் சொன்னதும் நியாயம்தான். கண் தெரியாத டிரைவர் பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? ஆனால் கண் தெரியாதவன் பஸ்ஸை எடுக்கக்கூடாது என்பதும் நியாயம்தானே.

சனிக்கிழமை சாயங்காலம் ஜரினாவின் உம்மா கடையநல்லூரில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது. ஜரினா அப்படியே பஸ் ஏறினாள். ஏறும்போது சொன்ன ஒரே வார்த்தை, நான் வருகிற வரைக்கும் மீனைத் தொடாதீர்கள் என்பதுதான். சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எபினேசர் சார் முப்பத்தைந்து பேருக்குச் சொல்லி வைத்திருந்தார். தபால் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். மகள் ஜெஸ்லினுக்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. சர்ச் முடிந்து இரண்டு வீட்டுக்காரர்களும் நேரே இங்கே சாப்பிட வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அப்பா யூடியூபில் எலுமிச்சை மீனைப் பார்த்துவிட்டு அது கட்டாயம் வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். சம்பந்தி கேட்டதை இல்லை என்று சொல்ல எபினேசர் சாருக்கு மனசு வருமா? அவர் கேட்டதை இல்லை என்று சொல்ல சித்தீக்குக்கு வரவில்லை.

தூத்துக்குடியிலிருந்து தெர்மகோல் பெட்டியில் சீலா மீன் விடிகாலை பஸ்ஸில் வரும். ஆறரைக்கு வரவேண்டியது, கழுகுமலை தாண்டி பஸ் பழுதாகி நின்று, பத்து மணிக்கு வந்தது. சித்திரை மாதத்துப் பத்து மணி. பெட்டியைத் திறந்தபோது ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. சித்தீக் மீனைத் தூக்கி விரலால் அமுக்கிப் பார்த்தான். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. கண் லேசாக மங்கியிருந்தது. செவுள் சிவப்பா பழுப்பா என்று அந்த ட்யூப்லைட் வெளிச்சத்தில் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. அதுவும் ஒரு வசதியாகப் போய்விட்டது.

பக்கத்திலேயே காசி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருசம் பரோட்டா மாஸ்டராக இருந்துவிட்டுத் தோள்பட்டை போனபிறகு இங்கே வந்து சேர்ந்தவர். அவரிடம் மீனை நீட்டி, நாறுகிறதா பாருங்கள் என்று கேட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்தது. வெளிநாட்டில் பதினாலு வருசம் நின்றவன் பரோட்டா மாஸ்டரிடம் அதைக் கேட்பானா? சும்மா பொத்தாம்பொதுவாக, "மீன் எப்படி இருக்கு காசியண்ணே?" என்றான்.

"பெருசாத்தான் இருக்கு பாய்" என்றார் காசி.

சித்தீக் கத்தியை எடுத்தான். கோழி இருந்தது, ஈரல் இருந்தது, கிழங்கு இருந்தது. பஸ் பழுதாகிவிட்டது, இன்றைக்கு மீன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். அவன் துண்டு போட்டான். கழிவைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பூனைக்குப் போட்டான், பூனை போய்விட்டது, திரும்பி வந்து அறுபது எலுமிச்சை பிழிந்தான். மீன் வெளுத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியவர்கள் வருகிறார்கள் என்று இரண்டே இரண்டு பச்சைமிளகாய் மட்டும் கீறிப் போட்டான். ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்தான். புளிப்பு சரி, உப்பு சரி. நாக்கு நுனியில் மட்டும் சுருக்கென்று ஓர் எரிச்சல்.

பதினொன்றரைக்கு ஜரினா போன் செய்தாள். உம்மாவுக்கு எலும்பு முறிவு இல்லை, ஒன்றரை மணிக்குள் வந்துவிடுவேன் என்றாள். மீன் வந்ததா என்று கேட்டாள்.

"இன்னைக்கு மீன் இல்ல" என்றான்.

நல்லதாகப் போயிற்று என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். இருபத்தோரு வருசத்தில் அவளிடம் அவன் எத்தனையோ சில்லறைப் பொய்கள் சொல்லியிருக்கிறான். இது சொல்லும்போது மட்டும் அவன் காது அவன் குரலைத் தனியாகக் கேட்டது. அதற்குள் கீழே வேன் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை முதல் தட்டு எப்போதும் சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்குத்தான். அந்த வரிசைக் கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் கைராசிக்காரர். செல்போன் கடை திறந்தாலும் செருப்புக் கடை திறந்தாலும் அவரைத்தான் போணிக்குக் கூப்பிடுவார்கள். வெளிநாட்டு மாமிசக் கடை என்றதும் நாலு இடத்தில் கதவைச் சாத்தினார்கள், மேல்மாடியைக் கொடுத்தது அவர். வயது அறுபத்தெட்டு. போன வருசத்துக்கு முந்தின வருசம் மதுரையில் நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வீட்டில் உப்பில்லாத கஞ்சி. ஞாயிறு மதியம் கடைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி வருவார். சித்தீக் அவருக்கென்று உப்பைக் குறைத்துத் தனியாக எடுத்துவைப்பான். அவருக்கு மகன் கிடையாது என்பதை இரண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அன்றைக்கும் வந்தார். எபினேசர் சார் வீட்டார் சுற்றி நிற்க, தட்டை எடுத்து முதலில் எலுமிச்சை மீனைத்தான் போட்டுக்கொண்டார். சித்தீக் எதிரே வந்து நின்றான். மூக்கு போனபிறகு அவனுக்கு வந்த பழக்கம் அது. சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் தன் சமையலைத் தெரிந்துகொள்வான். புருவம் எப்படி ஏறுகிறது, மெல்லும் தாடை எப்போது வேகமெடுக்கிறது என்று அவனுக்கு ஒரு கணக்கு உண்டு.

அண்ணாச்சி ஒரு துண்டை வாயில் போட்டார். தாடை நின்றது. ஒரு நொடி, அதற்கு மேல் இல்லை. நிமிர்ந்து சித்தீக்கைப் பார்த்தார். பிறகு மென்றார், விழுங்கினார், முகம் முழுக்கச் சிரித்தார்.

"நல்லாருக்கு மக்கா" என்றார். இன்னொரு கரண்டி தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சித்தீக்குக்கு உயிர் வந்தது. அந்த ஒரு நொடியை அவன் பார்க்காமல் இல்லை. பல்வலியாக இருக்கும் என்று அதையும் பூனை போன பக்கமே அனுப்பிவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்தது நல்ல சாப்பாடு. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் முதலில் கூச்சப்பட்டு ஓரமாக நின்றார்கள், எபினேசர் சாரின் மனைவி ஹெலன் ஒவ்வொருவர் தட்டிலும் அள்ளி வைத்ததும் கூச்சம் போய்விட்டது. பால்கோழியைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து மோர்க்குழம்பு மாதிரி அடித்தார்கள். மஞ்சள் கேக்கில் முதல் தட்டு பத்து நிமிசத்தில் காலி. பொரித்த கிழங்கும் வெங்காயமும் தக்காளியும் போட்டுப் புரட்டிய கோழித் துண்டுகளை, இது நம்ம ஊர் சில்லிதானே என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை எடுத்தார் ஒரு சித்தப்பா. ஜெஸ்லினும் மாப்பிள்ளையும் ஜன்னலோரம் நின்று ஒரே கம்பி ஈரலைப் பங்கு போட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா எலுமிச்சை மீன் தட்டுப் பக்கமே கூடாரம் அடித்துவிட்டார். சிலருக்கு முதல் வாயில் மூக்கு சுருங்கியது. பக்கத்தில் ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்ததும் தாங்களும் சாப்பிட்டார்கள். பட்டிக்காட்டான் என்று சொல்லிவிடக்கூடாதே.

ஒன்றேகால் மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. நல்ல உறைப்பு என்று சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் முகம் சிவந்திருந்தது. ஹெலன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். வெயில் என்றார்கள்.

சித்தீக் அந்த முகங்களைப் பார்த்தான். உறைப்பா? முழு அண்டாவுக்கும் இரண்டு மிளகாய் அல்லவா போட்டான். பால்கோழிதான் உறைப்பு. பால்கோழியை அள்ளி அள்ளித் தின்ற சித்தப்பா மீன் பக்கமே போகவில்லை, அவர் சாதாரணமாக ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். சிவந்தவர்கள் அத்தனை பேர் தட்டிலும் எலுமிச்சைச் சாறு மிச்சம் இருந்தது. சமையலறைக்குள் போய்க் காசியின் கையைப் பிடித்தான்.

"அண்ணே, அந்த மீன் வாசம் எப்படி இருக்கு? உண்மையச் சொல்லுங்க."

காசி அவனை விசித்திரமாகப் பார்த்தார். "காலையில பெட்டியத் திறக்கும்போதே கொடலப் பொரட்டிட்டு வந்துச்சு பாய். நீங்க ஒண்ணுஞ் சொல்லல. வெளிநாட்டு அயிட்டம்லா, அதுக்கு வாசமே இதான் போலன்னு நெனச்சேன்."

பக்கத்துப் பிரியாணிக் கடையில் கறி ஒரு மணி நேரம் பழசானால் தெருவே சொல்லிவிடும். பெரு நாட்டு மீன் எப்படி மணக்கும் என்று சங்கரன்கோவிலில் யாருக்குத் தெரியும்? தெரிந்தவன் ஒருவன். அவனுக்கு மூக்கில்லை.

சித்தீக் கூடத்துக்கு ஓடிவந்து மீன் தட்டைத் தூக்கினான். வேண்டிய மட்டும் தின்னலாம் என்றார்களே என்று யாரோ கேலி பேசினார்கள். தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வெயில் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள், காரணம் தயாராக இருந்தது. போர்டு இருக்கும், அடுத்த ஞாயிறும் இருக்கும். அப்போது அண்ணாச்சியைப் பார்த்தான். அவர் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் செங்கல் நிறம். வலது கை நெஞ்சில் இருந்தது.

சித்தீக் தட்டைக் கீழே வைத்தான்.

"யாரும் இனிமே தொடாதீங்க. மீன் கெட்டுப்போச்சு. டாக்டர்ட்ட அப்படியே சொல்லுங்க" என்றான். "எனக்கு வாசம் தெரியாது. நாலு வருசமா தெரியாது. சொல்லாம ஆக்கிப் போட்டுட்டேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர்கள் பேசியதை எழுத வேண்டியதில்லை, பேச அவர்களுக்கு உரிமை இருந்தது. மாப்பிள்ளை வேன் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினான். அண்ணாச்சியை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். படியில் எதிரே ஜரினா வந்தாள். மூன்றாம் படியிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

மற்றவர்களுக்கு ஊசி போட்டுச் சாயங்காலத்துக்குள் தணிந்துவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேனில் பின் சீட்டில் அண்ணாச்சியைச் சாய்த்து, சித்தீக் தரையில் உட்கார்ந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவர் மூச்சு அவசரமாக வந்தது. கோவில் பக்கம் கூட்டத்தில் வேன் நின்று நின்று போனது.

"அண்ணாச்சி, உங்களுக்குமா தெரியல?" என்று கேட்டான். கேட்டிருக்கவேண்டாம்.

அவர் கண்ணைத் திறந்தார். "மொத வாயிலயே தெரிஞ்சிட்டுல."

"துப்பியிருக்கலாம்லா, அண்ணாச்சி..."

"போணி பண்ணுதவன் துப்புனா யாருல அதுக்கப்புறம் திம்பான்?" என்றார். மூச்சு வாங்கினார். "நீ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னியே மக்கா. உனக்காகத்தான் சிரிச்சேன்."

அண்ணாச்சி அதற்கு மேல் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள் இருவர் கையையும் பிரித்து எடுக்கச் சிரமப்பட்டார்கள். இறுகப் பிடித்திருந்தது சித்தீக்கின் கைதான். அண்ணாச்சியின் கை எப்போதோ விட்டிருந்தது.